வாடகை வீட்டு விலாசத்தைப் பச்சை குத்திக்கொண்டவர்கள்

வாடகை வீட்டில் குடியிருப்பவன் தன் விலாசத்தை முன்னங்கையில் பச்சை குத்திக்கொண்டால் ஊர் என்ன சொல்லும்? பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்து வேறு தெருவுக்குக் குடிபோன பிறகும் ஆட்டோக்காரரிடம் கையை நீட்டி, "இதோ, இங்கே போங்கண்ணே" என்பான். அவரும் மீட்டருக்கு மேலே இருபது ரூபாய் வாங்கிக்கொண்டு பழைய வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடுவார். உள்ளே வேறொரு குடும்பம் ரசஞ்சாதத்தில் இருக்கும்.

யூனிக்ஸ் என்கிற இயங்குதளத்தின் உலகத்தில் படித்தவர்கள், பட்டம் வாங்கியவர்கள், மார்பு வரை தாடி வளர்த்தவர்கள் எல்லாம் நாற்பது வருடமாகச் செய்துவருவது இதைத்தான். அவர்கள் பச்சை குத்திய இடங்களுக்கு, அதாவது உள்ளே நுழைந்ததும் கணிப்பொறி படிக்கும் கோப்புகளுக்கு, டாட் ப்ரொஃபைல், டாட் லாகின், டாட் பாஷ்ஆர்சி என்று பெயர். குத்திய விலாசத்துக்குப் பெயர் டிஸ்ப்ளே. புரோகிராம் தன் ஜன்னலை எந்தத் திரையில் திறக்க வேண்டும் என்று சொல்கிற ஒரு சின்ன என்விரான்மென்ட் வேரியபிள், அவ்வளவுதான். அதற்குப் போய் இத்தனை கண்ணீரா என்று கேட்பவர்கள் கொஞ்சம் உட்காருங்கள்.

1969. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் மர்ரே ஹில். பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யாரும் சீண்டாத ஒரு பிடிபி-7 கணிப்பொறியை வைத்துக்கொண்டு யூனிக்ஸைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் புண்ணிய காலத்தில் டிஸ்ப்ளே பற்றி யாருக்கும் கவலையில்லை. தட்டிப் பேச இருந்தது டெலிடைப். மாடல் 33 என்கிற அந்த இரும்பு ஜந்து நொடிக்குப் பத்து எழுத்து அடிக்கும், அதுவும் பெரிய எழுத்தில் மட்டும், கெட்டிமேளச் சத்தத்தோடு. யூனிக்ஸ் கட்டளைகள் 'எல்எஸ்', 'சிபி', 'எம்வி' என்று பல் போன கிழவர் பேச்சு மாதிரி இருப்பதற்கு இந்த ஜந்துவும் ஒரு காரணம். ஒவ்வொரு சாவியையும் ஓங்கி அழுத்த வேண்டும் என்றால் யார்தான் முழு வார்த்தை பேசுவார்கள்? விடையை எங்கே காட்டுவது என்ற குழப்பமும் இல்லை. காலடியில் காகிதம் சுருண்டு விழுகிறதே, அங்கேதான்.

அந்த நாட்களில் நடந்த ஒரு சோம்பலை இங்கே பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு கோப்புறைக்குள்ளும் 'ஒரு புள்ளி', 'இரட்டைப் புள்ளி' என்று இரண்டு பெயர்கள் இருக்கும்: ஒன்று தன்னையும் மற்றொன்று தாயையும் குறிக்கும். பட்டியல் போடும்போது இந்த இரண்டும் கண்ணை உறுத்தின. மறைப்பதற்காகப் புரோகிராம் எழுதியவர், முழுப் பெயரையும் பார்க்காமல் முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்தார். விளைவு, புள்ளியில் தொடங்கும் எல்லாக் கோப்புகளும் பட்டியலிலிருந்து மறைந்தன. பெல் ஆய்வகத்தில் பின்னாளில் வேலை பார்த்த ராப் பைக் இதைத் தற்செயலான பிழை என்றே எழுதியிருக்கிறார். நமக்கென்ன? அலமாரிக்குப் பின்னால் ஒரு சந்து கிடைத்தால் பழைய சாமானைத் தள்ளிவிடும் இனம் நாம். உலகத்துப் புரோகிராம்கள் அத்தனையும் தங்கள் மூட்டை முடிச்சுகளை அந்தச் சந்தில் போட்டன. டாட் ப்ரொஃபைலும் டாட் பாஷ்ஆர்சியும் அங்கே குடியேறியவைதான்.

வாலில் இருக்கும் 'ஆர்சி' இன்னும் பழசு. 1960களின் நடுவில் எம்ஐடியில் சிடிஎஸ்எஸ் என்ற இயங்குதளம் ஓடிக்கொண்டிருந்தது. அதில் லூயி பூஸான் என்கிற பிரெஞ்சுக்காரர் பல கட்டளைகளை ஒரே கோப்பில் எழுதி ஓட்டும் வசதியைச் செய்து 'ரன்காம்' என்று பெயர் வைத்தார். அதன் சுருக்கம்தான் ஆர்சி. நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் புரோகிராமுக்கு ஷெல் என்ற பெயரும் அவர் தந்ததே. தாத்தாவின் இனிஷியலைப் பேரன் ஏன் போடுகிறோம் என்று தெரியாமலே போட்டுக்கொள்கிறான்.

பத்து வருடம் தள்ளி 1979க்கு வருவோம். யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு ஸ்டீஃபன் போர்னின் ஷெல் வெளியானது. போர்ன் கேம்பிரிட்ஜில் அல்கால் 68 மொழியோடு வாழ்ந்துவிட்டு வந்தவர், மறக்க முடியவில்லை. பிறந்த வீட்டுப் பழக்கத்தைப் புகுந்த வீட்டில் விடாத மருமகள்போல, ஷெல்லை எழுதியது சி மொழியில் என்றாலும் மேக்ரோக்களைப் போட்டு அதை அல்கால் மாதிரியே அலங்கரித்தார். அந்த மூலநிரலைப் படித்துத் தலைசுற்றியவர்கள், புரியாத சி நிரல் எழுதுவதற்கென்றே 1984இல் ஒரு சர்வதேசப் போட்டியை ஆரம்பித்துவிட்டார்கள். 'இஃப்'பைத் திருப்பிப் போட்டு 'ஃபி', 'கேஸ்'ஸைத் திருப்பி 'ஈஸாக்' என்று முடிப்பதெல்லாம் அல்கால் பாசம். 'டூ'வையும் திருப்பி 'ஓடி' என்று முடித்திருக்க வேண்டியதுதான். ஆனால் ஓடி என்ற பெயரில் ஏற்கெனவே ஒரு கட்டளை ஓடிக்கொண்டிருந்தது. அதனால்தான் 'டன்' என்று முடிகிறது.

போகட்டும். அந்த ஏழாம் பதிப்பில்தான் என்விரான்மென்ட் வேரியபிள் என்கிற குடும்பச் சொத்து முறை வந்தது. முறை இப்படி: ஒரு புரோகிராம் இன்னொன்றைப் பெற்றெடுக்கும்போது தன்னிடமுள்ள தகவல்களை எல்லாம் ரேஷன் கார்டு ஜெராக்ஸ் மாதிரி ஒரு பிரதி எடுத்துப் பிள்ளை கையில் கொடுக்கும். பிள்ளை தன் ஜெராக்ஸில் விலாசத்தை அடித்துத் திருத்தலாம், கிழித்துப் போடலாம். அப்பா கையிலுள்ள அசலில் ஒரு புள்ளி மாறாது. இந்த ஒரே விதியால் எத்தனை பேர் நொந்துபோனார்கள் என்று கணக்கில்லை. 'டிஸ்ப்ளேயைச் சரிசெய்' என்று ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, அதை ஓட்டிவிட்டு, வேரியபிள் அப்படியே இருக்கிறதே என்று விழிப்பவர்களை இன்றும் பார்க்கலாம். ஸ்கிரிப்ட் என்பது பிள்ளை. அது தன் ஜெராக்ஸைத் திருத்திக்கொண்டு, வேலை முடிந்ததும் செத்தும்போயிற்று. ஷெல்லே அந்தக் கோப்பைத் தன் வாயால் படிக்க வேண்டுமென்றால் கோப்புப் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியையும் இடைவெளியையும் போட வேண்டும். மறுபடியும் புள்ளி. வேறு எழுத்தே கிடைக்கவில்லை போலிருக்கிறது.

பிள்ளைக்குக் கொடுக்கும் ஜெராக்ஸில் எது எது இடம்பெற வேண்டும் என்பதற்கு 'எக்ஸ்போர்ட்' என்று ஒரு கட்டளை. போர்னின் ஷெல்லில் முதலில் மதிப்பைக் கொடுத்துவிட்டு, பிறகு தனியாக எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். சமக்குறிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இடைவெளி விடக் கூடாது. விட்டால் 'டிஸ்ப்ளே என்ற கட்டளை எனக்குத் தெரியாது' என்று ஷெல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் சமக்குறிக்கு இருபுறமும் இடம்விட்டு எழுது என்று பிரம்பால் சொல்லிக்கொடுத்த கணக்கு வாத்தியாரின் உழைப்பு அங்கே வீணாயிற்று.

அதே சமயத்தில் அமெரிக்காவின் மறுகரையில், கலிபோர்னியாவின் பெர்க்லியில், பில் ஜாய் என்ற மாணவர் தனியாக ஒரு ஷெல் எழுதி அதற்கு சி-ஷெல் என்று பெயரிட்டார். அங்கே எக்ஸ்போர்ட் கிடையாது, 'செட்என்வ்'. சமக்குறியும் கிடையாது, வெறும் இடைவெளி. கோப்புகளும் வேறு: டாட் சிஎஸ்ஹெச்ஆர்சி, டாட் லாகின். நம் ஊர்க் கோயில் யானைக்கு வடகலை நாமமா, தென்கலை நாமமா என்று கோர்ட் ஏறியவர்களுக்கு இந்தச் சண்டையின் சுவை உடனே புரியும். இரண்டு கட்சியும் ஒரே கல்லூரி ஆய்வகத்தில் இருந்தால், பக்கத்து நாற்காலிக்காரர் டாட் ப்ரொஃபைலில் எழுதிய வரியைப் பார்த்து டாட் லாகினில் காப்பியடித்தவன் கதி அதோகதி.

பச்சை குத்தும் வியாதியின் முதல் நோயாளியும் பெர்க்லியில்தான் அகப்படுகிறான். டெலிடைப் போய்க் கண்ணாடித் திரை டெர்மினல்கள் வந்திருந்தன. பில் ஜாய் தன் வீஐ எடிட்டரை எழுதியது லியர் சீக்லர் கம்பெனியின் ஏடிஎம்-3ஏ என்ற டெர்மினலில். அந்த விசைப்பலகையில் அம்புக்குறிகள் ஹெச், ஜே, கே, எல் சாவிகளின்மேல் வரைந்திருந்த பாவத்துக்கு, இன்றுவரை உலகம் அந்த நான்கையும் தட்டிக்கொண்டு கர்சரை நகர்த்துகிறது. சந்தையில் இருந்த டெர்மினல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பாஷை பேசின. 1978இல் டிஜிட்டல் நிறுவனத்தின் விடி100 வந்து வேறொரு பாஷை பேசியது. திரையைத் துடைக்க ஒன்றுக்கு ஒரு சைகை, மற்றொன்றுக்கு வேறு சைகை. இத்தனையையும் அடக்கிய அகராதிதான் டெர்ம்கேப். நீ உட்கார்ந்திருப்பது எந்த டெர்மினல் என்று சொல்லும் வேரியபிள் டெர்ம்.

நம் ஆள் என்ன செய்தான்? தினமும் உட்காருவது ஏடிஎம்-3ஏ முன்னால்தானே என்று அதை டாட் லாகினில் நிரந்தரமாக எழுதிவிட்டான். மறுவாரம் அந்த நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருக்க, இவன் பக்கத்து அறையில் விடி100 முன்னால் போய் அமர்ந்து வீஐயைத் திறக்கிறான். திரை முழுக்கக் கோழி கிளறிய குப்பை. இவனைக் காப்பாற்ற 'டிசெட்' என்று ஒரு கட்டளை வந்தது. லாகின் செய்யும்போதே அது 'டெர்ம் என்ன? விடி100ஆ?' என்று பணிவாகக் கேட்கும். ஆமாம் என்றால் என்டர் தட்டலாம். கேள்வியைப் படிக்காமலே என்டர் தட்டுவதில் மனித குலம் கண்ட தேர்ச்சிக்கு அதுதான் பயிற்சிக்களம் என்பது என் சந்தேகம்.

இப்போது கதாநாயகன் வருகிறான். எம்ஐடியில் 1983இல் டிஜிட்டல், ஐபிஎம் இரண்டும் கைகொடுக்க, அதீனா திட்டம் என்ற பெயரில் வளாகம் முழுக்கக் கணிப்பொறிகளைப் பரப்பத் தொடங்கினார்கள். 1984இல் அங்கே பாப் ஷைஃப்ளரும் ஜிம் கெட்டிஸும் ஒரு ஜன்னல் அமைப்பைச் செய்தார்கள். ஸ்டான்ஃபோர்டில் 'வி' என்று ஓர் இயங்குதளம் இருந்தது. அதற்காக எழுதிய ஜன்னல் அமைப்புக்கு 'டபிள்யூ' என்று பெயர் வைத்திருந்தார்கள். அதை வாங்கி உடைத்துப் புதிதாகச் செய்த ஷைஃப்ளர், அடுத்த எழுத்தான 'எக்ஸ்' என்று வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். பெயர் வைக்க நம் வீடுகளில் ஜோசியர், நியூமராலஜி, மாமியார் என்று மூன்று மாதம் ஆகிறது. இவர்கள் அகரவரிசையைப் பார்த்தார்கள், முடிந்தது. 1984இல் முதல் எக்ஸ், 1987 செப்டம்பரில் பதினோராவது எக்ஸ். மூன்று வருடத்தில் பதினொரு அவதாரம் எடுத்த வேகத்துக்குப் பன்னிரண்டு இந்நேரம் வந்திருக்க வேண்டும். வரவேயில்லை.

எக்ஸைப் புரிந்துகொள்ள உலகமே திணறியது. காரணம் சர்வர் என்ற சொல். மற்ற எல்லா இடத்திலும் சர்வர் என்றால் எங்கோ தொலைவில் குளிர்சாதன அறையில் உறுமும் பெரிய யந்திரம். எக்ஸில் சர்வர் உன் மேசைமேல் இருக்கிறது. திரை, கீபோர்டு, மவுஸ் மூன்றையும் கட்டி மேய்ப்பது அதுதான். தொலைவில் ஓடும் புரோகிராம்தான் க்ளையன்ட். இதைத் தலைகீழ் என்று சொல்லி வெள்ளைக்காரர்கள் எத்தனையோ பக்கங்கள் எழுதிக் குமுறியிருக்கிறார்கள். 1994இல் யூனிக்ஸைத் திட்டுவதற்கென்றே ஒரு புத்தகம் வந்தபோது, எக்ஸைத் திட்ட அதில் தனி அத்தியாயம் ஒதுக்க வேண்டியிருந்தது. தமிழனுக்கு இதில் ஒரு சிரமமும் இல்லை. சர்வர் என்றால் நமக்குச் சின்ன வயதிலிருந்தே யார்? தோளில் துண்டும் கையில் ஈரத்துணியுமாக நம் மேசைக்கு வருகிறவர். சமையல்கட்டு உள்ளே எங்கேயோ இருக்கிறது. தோசை வார்ப்பவர் நம் முகத்தைப் பார்த்ததே கிடையாது. அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இந்தத் தோசை எந்த மேசைக்கு?

அதுதான் டிஸ்ப்ளே. எழுதும் முறையும் ஓட்டல் கணக்குத்தான். முதலில் கணிப்பொறியின் பெயர், பிறகு ஒரு கோலன், பிறகு டிஸ்ப்ளே எண், வேண்டுமானால் ஒரு புள்ளியும் திரை எண்ணும். ஓட்டல் பெயர், மேசை, நாற்காலி. எண்கள் பூஜ்யத்தில் தொடங்கும், புரோகிராமர்கள் திறந்த ஓட்டல் அல்லவா. மேசை 0க்கு வலைப்பின்னல் கதவு எண் 6000, மேசை 1க்கு 6001. ஓட்டல் பெயரை எழுதாமல் கோலன், பூஜ்யம் என்று மட்டும் எழுதினால் 'இதே ஓட்டல், முதல் மேசை' என்று பொருள். டிஸ்ப்ளே காலியாக இருந்தால் சமையல்காரர் கரண்டியில் தோசையோடு நின்று, 'டிஸ்ப்ளேயைத் திறக்க முடியவில்லை' என்று அலறுவார். அந்த அலறலைக் கேட்காமல் யூனிக்ஸ் படித்தவன் உலகத்தில் இல்லை.

சிக்கல் எங்கே வந்தது என்றால், நாலு பேர் நாலு கணிப்பொறியிலிருந்து டெல்நெட், ஆர்லாகின் என்ற தொலைநுழைவுப் புரோகிராம்கள் வழியாக ஒரே பெரிய யந்திரத்துக்குள் நுழையத் தொடங்கியபோது. ஆர்லாகின் உன் டெர்ம் வேரியபிளைப் பத்திரமாக அக்கரைக்குச் சுமந்துபோகும், டிஸ்ப்ளேயை இக்கரையிலேயே விட்டுவிடும். ஆகவே உள்ளே போன ஒவ்வொரு தடவையும் 'நான் இந்த மேசையிலிருந்து வந்திருக்கிறேன்' என்று கையால் தட்ட வேண்டும். நாளைக்குப் பத்துத் தடவை. பதினோராவது தடவை மனிதன் டாட் ப்ரொஃபைலைத் திறந்து பச்சை குத்திவிடுகிறான்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நான் உட்கார்ந்த ஒரு கல்லூரி ஆய்வகத்தில் இப்படிக் குத்திய ஒரு சீனியர் இருந்தார். அவருக்கு ஜன்னல் ஓரத்து மெஷின் பிடிக்கும். அதன் பெயரை எழுதிவைத்துவிட்டார். அவருடைய கோப்பை ஜூனியர்கள் அத்தனை பேரும் பயபக்தியோடு காப்பியடித்தார்கள். யார் எங்கே உட்கார்ந்து எதைத் திறந்தாலும் ஜன்னல் ஓரத்துத் திரையில் போய்த் திறக்கும். அங்கே உட்கார்ந்திருந்த அப்பாவிப் பெண்ணுக்கு ஒரே மணி நேரத்தில் ஏழு கடிகாரமும் மூன்று ஜோடி கண்களும் வந்து சேர்ந்தன. மவுஸ் போகும் திசையெல்லாம் முறைக்கும் 'எக்ஸ்ஐஸ்' கண்கள்.

கெட்டிக்காரர்கள் வேறு வழி கண்டார்கள். 'ஹூ ஆம் ஐ' என்று ஒரு கட்டளை உண்டு. ரமணரின் கேள்வி மாதிரி இருந்தாலும் விடை லௌகீகமானது: யார், எந்தக் கதவு வழியாக, எந்தக் கணிப்பொறியிலிருந்து வந்தார் என்று ஒரு வரி. அதை ஆக், செட் என்ற எழுத்து வெட்டும் கருவிகளுக்கு ஊட்டி, அடைப்புக்குறிக்குள் இருக்கும் பெயரை மட்டும் உருவி, வாலில் கோலன் பூஜ்யம் ஒட்டி டிஸ்ப்ளேயில் வைத்தால், எங்கிருந்து வந்தாலும் விலாசம் தானாகச் சரியாகிவிடும். எழுதியவர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். ஆனால் அந்தப் பெயரைக் குறித்துவைக்கும் பதிவேட்டில் அன்றைய பல யூனிக்ஸ்கள் பதினாறு எழுத்துக்கு மட்டுமே இடம் விட்டிருந்தன. கணிப்பொறியின் பெயர், துறையின் பெயர், பல்கலைக்கழகத்தின் பெயர் என்று புள்ளி புள்ளியாக நீளும் முகவரி பதினாறில் வெட்டுப்பட்டுத் தொங்கும். கல்யாணப் பத்திரிகையில் இடமில்லாமல் மாப்பிள்ளையின் பெயரைப் பாதியில் நிறுத்தியதுபோல. சின்னப் பெயர் வைத்த மெஷின்கள் பிழைத்தன.

இதற்குள் எந்தக் கோப்பில் எழுதுவது என்பதே தனிச் சாஸ்திரமாகிவிட்டது. 1989இல் பிரையன் ஃபாக்ஸ் எழுதிய பாஷ் வந்தது. லாகின் ஷெல் என்றால் அது மூன்று கோப்புகளைத் தேடும்: டாட் பாஷ்ப்ரொஃபைல், டாட் பாஷ்லாகின், டாட் ப்ரொஃபைல். முதலில் அகப்பட்டதைப் படித்துவிட்டு மற்ற இரண்டின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது. லாகின் இல்லாமல், நீ தட்டத் தட்டப் பதில் சொல்லும் ஷெல் என்றால் அந்த மூன்றுமே வேண்டாம், டாட் பாஷ்ஆர்சி மட்டும் போதும். வாசல் வழியாக வந்தால் ஒரு முகம், கொல்லைப்புறமாக வந்தால் வேறு முகம் காட்டும் மாமனார். இரண்டு முகத்தையும் ஒன்றாக்க வேண்டுமானால் நீதான் டாட் பாஷ்ப்ரொஃபைலுக்குள் 'டாட் பாஷ்ஆர்சியையும் படி' என்று எழுதிவைக்க வேண்டும். 1990இல் பிரின்ஸ்டன் மாணவர் பால் ஃபால்ஸ்டாட் ஸீஷெல்லை எழுதினார். அங்கே ஆசிரிய உதவியாளராக இருந்த ஜோங் ஷாவ் என்பவரின் லாகின் பெயர் பார்க்க நன்றாக இருந்ததாம், அதையே ஷெல்லுக்கு வைத்துவிட்டார். பெயரை ஓசியில் எடுத்தவர் கோப்புகளில் தாராளம் காட்டினார்: நுழைய நான்கு, வெளியேற ஒன்று.

இன்னொரு கொடுமையும் உண்டு. எக்ஸ்டிஎம் என்று திரையிலேயே அழகாகப் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும் வாசற்காப்பாளன் வந்தபோது, அவன் உள்ளே விட்டது லாகின் ஷெல் வழியாக அல்ல. ஆகவே டாட் ப்ரொஃபைலை யாரும் படிக்கவில்லை. பத்து வருடமாக விரதமிருந்து செதுக்கிய கோப்பு, பூஜை அறையில் பூட்டிய புத்தகமாயிற்று.

விலாசம் சரியாக இருந்தால் மட்டும் போதுமா? கதவு திறக்க வேண்டும். யார் யார் உன் திரையில் ஜன்னல் திறக்கலாம் என்பதை 'எக்ஸ்ஹோஸ்ட்' கட்டளை நிர்ணயிக்கும். ஒவ்வொரு பெயராகச் சேர்க்கலாம். இல்லை, ஒரு கூட்டல் குறியை மட்டும் போட்டு யார் வேண்டுமானாலும் வரலாம் என்று கதவையே கழற்றிச் சுவரில் சாய்த்துவைக்கலாம். ஜனங்கள் எதைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள் என்று சொல்லவும் வேண்டுமா? அந்தக் கூட்டல் குறியும் ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்டில் ஏறியது. உள்ளே வந்தவர்கள் ஜன்னல் திறப்பதோடு நிற்க வேண்டிய அவசியமில்லை. நீ தட்டும் ஒவ்வொரு சாவியையும், பாஸ்வேர்டு உட்பட, எங்கிருந்தோ உட்கார்ந்து படிக்கலாம். பெரும்பாலோர் அவ்வளவு கெட்டவர்கள் இல்லை. 'எக்ஸ்ரோச்' என்ற புரோகிராமை நண்பன் திரையில் ஏவிவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஜன்னல்களுக்கு அடியில் கரப்பான்பூச்சிகள் பதுங்கியிருக்கும். ஜன்னலை நகர்த்தினால் போதும், அம்மிக்கல்லைப் புரட்டியதுபோலத் திசைக்கொன்றாக ஓடும்.

இதற்கு மாற்றாக வந்த பூட்டுக்கு எம்ஐடி மேஜிக் குக்கி ஒன்று என்று பெயர். கேலியாகச் சொல்லவில்லை, அதிகாரபூர்வப் பெயரே அதுதான். 128 பிட் ரகசிய எண் ஒன்றை டாட் எக்ஸ்அத்தாரிட்டி என்ற கோப்பில் வைத்திருந்தால் உள்ளே விடுவார்கள். அந்த ரகசியம் கம்பியில் போகும்போது மூடாமல் கொள்ளாமல் போகும். ரகசியத்தைத் தபால் கார்டில் எழுதி அனுப்புவதுபோல.

1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் யாரோ கம்பியில் காது வைத்துப் பாஸ்வேர்டுகளைத் திருடிவிட்டார்கள். அங்கே இருந்த தாத்து யுலோனென் (பெயரைப் பார்த்து வயதைக் கணிக்காதீர்கள், அப்போது இளைஞர்) கோபத்தில் எஸ்எஸ்ஹெச் என்ற பூட்டிய தொலைநுழைவுப் புரோகிராமை எழுதினார். டெல்நெட்டின் கதவு எண் 23, எஃப்டிபியின் கதவு எண் 21, நடுவே 22 காலியாக இருந்தது, கேட்டு வாங்கிக்கொண்டார். டிஸ்ப்ளே சரித்திரத்தில் யோக்கியமான ஒரே மனிதர் இந்த எஸ்எஸ்ஹெச்தான் என்பேன். எக்ஸை முன்னனுப்பு என்று சொல்லிவிட்டால் போதும். அக்கரையில் தானே ஒரு பொய் மேசை போட்டு உட்காரும். நிஜ மேசைகளோடு மோதாமல் இருக்கப் பத்தாம் எண்ணிலிருந்து தொடங்கும். டிஸ்ப்ளேயில் 'இதே ஓட்டல், மேசை 10' என்று தானே எழுதிவைக்கும். குக்கியைக்கூடப் போலியாகத் தயாரித்து அக்கரையில் கொடுத்து, அசலை உன் மடியிலேயே வைத்துக்கொள்ளும். வந்த தோசையைப் பொட்டலம் கட்டி, மூடிய பாதை வழியாக உன் வீட்டு மேசைக்கே கொண்டுவந்து சேர்க்கும். கையேட்டில் ஒரே ஒரு வேண்டுகோள்: தயவுசெய்து டிஸ்ப்ளேயை நீ கையால் மாற்றாதே.

ஆனால் எஸ்எஸ்ஹெச் தன் வேலையை முடித்துவிட்டு ஷெல்லை எழுப்புகிறது. ஷெல் எழுந்ததும் முதல் காரியமாக டாட் கோப்பைப் படிக்கிறது. அங்கே பச்சைக் குத்து. கோலன், பூஜ்யம். பாடுபட்டு எழுதிய மேசை 10 அழிந்துபோகிறது.

அழிந்தால் வெறும் பிழைச் செய்தி வரும் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை இரவு வீட்டிலிருந்து ஆபீஸ் மெஷினுக்குள் நுழைந்தேன். சொந்தக்காரப் பையனின் ஜாதகத்தை ஸ்கேன் செய்து அங்கே போட்டுவைத்திருந்தேன், அதைப் பார்க்க வேண்டும். படம் காட்டும் புரோகிராமை ஓட்டினேன். ஒன்றும் வரவில்லை, பிழையும் வரவில்லை. மறுபடி ஓட்டினேன். மறுபடி. ஆறு தடவை. வெள்ளிக்கிழமை மாலை என் மெஷினை லாகின் செய்தபடியே விட்டுவந்தது நினைவில்லை. கோலன் பூஜ்யம் என்றால் அந்த மெஷினின் சொந்தத் திரை. என் பெயரிலேயே திறந்திருந்த திரை, குக்கியும் என்னுடையது, கதவு தாராளமாகத் திறந்திருக்கிறது. திங்கட்கிழமை காலை போனபோது என் மானிட்டரில் ஆறு ஜாதகம் விரிந்து கிடந்தது. என் மேலதிகாரி நாற்காலியில் உட்கார்ந்து ராகு எங்கே இருக்கிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தார். "ஏழாமிடம் சரியில்லையேப்பா" என்றார்.

மருந்து ஒரு வரிதான். டிஸ்ப்ளே ஏற்கெனவே நிரம்பியிருக்கிறதா என்று பார், காலியாக இருந்தால் மட்டும் எழுது. போர்ன் காலத்து ஷெல்லிலேயே எழுதிவிடலாம். எழுதுகிறவர்கள் குறைவு.

குறைவு என்பதற்குச் சமீபத்திய சாட்சி. 2020இல் மைக்ரோசாஃப்ட் விண்டோஸுக்குள்ளே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் இரண்டாம் பதிப்பைக் கொடுத்தது. லினக்ஸ் ஒரு மெய்நிகர் கணிப்பொறிக்குள், திரை வெளியே விண்டோஸில். நடுவே உள்ள ஐபி முகவரியோ மெஷினை அணைத்துப் போட்டால் மாறிவிடும். மக்கள் என்ன செய்தார்கள்? டிஎன்எஸ் சர்வரின் முகவரியைக் குறித்துவைத்திருக்கும் ஒரு கோப்பை எடுத்து, ஆக்குக்கு ஊட்டி, ஐபியை உருவி, வாலில் கோலன் பூஜ்யம் ஒட்டி டாட் பாஷ்ஆர்சியில் வைத்தார்கள். டெல்நெட் காலத்துத் தாத்தாவின் அதே பாக்குவெட்டி, அதே வெற்றிலைச் செல்லம். விண்டோஸ் பக்கத்துச் சுவரில் கதவு திறக்க வேண்டியிருந்ததால் எக்ஸ் சர்வரின் காவலை மொத்தமாக அணைத்துவிடு என்ற பழைய அறிவுரையும் கூடவே திரும்பி வந்தது. மறுவருடம் மைக்ரோசாஃப்டே டிஸ்ப்ளேயைத் தானாக நிரப்பித் தரத் தொடங்கியது. டாட் பாஷ்ஆர்சியில் பழைய வரியை விட்டுவைத்தவர்களுக்கு அதன் மேலேயே மை பூசிக்கொள்ளும் பாக்கியம் கிடைத்தது.

எக்ஸுக்கே முடிவு கட்டப் புறப்பட்டது வேலண்ட். 2008இல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் தொடங்கியது, மாசசூசெட்ஸில் ஓர் ஊரின் பெயர். புதிய கட்சி, புதிய கொடி, வேரியபிளின் பெயரும் புதிது: வேலண்ட் டிஸ்ப்ளே. பழைய புரோகிராம்களைக் கைவிட முடியாதல்லவா, அதற்காக எக்ஸ்வேலண்ட் என்று பிராகாரத்து மூலையில் பழைய குலதெய்வத்துக்கு ஒரு மாடம் கட்டிவைத்தார்கள். அங்கே டிஸ்ப்ளே இன்னும் கொலுவிருக்கிறார். ஒரே ஒரு மாற்றம். சில லினக்ஸ்களில் பாஸ்வேர்டு கேட்கும் வாசற்காப்பாளனே முதல் மேசையைப் பிடித்து உட்கார்ந்துகொள்கிறான். நமக்குக் கிடைப்பது அடுத்த மேசை.

போன மாதம் என் மடிக்கணினியைப் புதுப்பித்தேன். ஒரு பழைய புரோகிராமைத் திறந்தால் டிஸ்ப்ளேயைத் திறக்க முடியவில்லை என்றது. இருபத்தைந்து வருடப் பரிச்சயம், சிரித்துக்கொண்டே டாட் பாஷ்ஆர்சியைத் திறந்தேன். நாலு மெஷின் மாறியும் கூடவே காப்பியாகி வந்துகொண்டிருந்த அந்த வரி, கோலன் பூஜ்யத்தோடு அங்கேயே இருந்தது. பூஜ்யத்தை அழித்துவிட்டு 1 என்று போட்டேன். இப்போது நன்றாக வேலை செய்கிறது.